முத்துக் கடற்கரை அச்சேற்றிய தமிழ்

விளாத்திகுளம் வட்டாரத்தின் பெருமை பேச மேடை ஏறுகிறவர்கள் எட்டயபுரத்துப் பாரதியிடம் தொடங்கி, ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனிடம் வந்து முடிப்பார்கள். அந்த வரிசையில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால், எங்கள் வட்டத்தின் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் வேம்பாறும் வைப்பாறும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவற்றோடு சேர்த்து முத்துக் குளித்துறையின் ஏழு ஊர்களாக எண்ணப்பட்டவை அவை. தமிழில் முதன்முதலாக அச்சான நூலுக்கு இந்தக் கரைக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். அதற்குக் காரணமாக இருந்தவர் போர்ச்சுகலில் பிறந்து, 53 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து மறைந்த ஒரு பாதிரியார்.

அவர் பெயர் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ். கரையில் அண்டிரிக் அடிகளார். 1520-இல் விலா விசோசா என்ற ஊரில், கிறிஸ்தவ சமயத்துக்கு மாறிய யூத மரபில் பிறந்தார். அன்றைய போர்ச்சுகலில் அந்த மரபே ஒரு குற்றமாகப் பார்க்கப்பட்டது. முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபை, அவருடைய பிறப்பை அறிந்ததும் வெளியே அனுப்பிவிட்டது. 1545-இல் சேசு சபை அவரை ஏற்றது. அடுத்த ஆண்டே கப்பலேறி கோவா வந்து, 1547-இல் முத்துக் குளித்துறையை அடைந்தார். சொந்த நாட்டில் பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஒருவர், கடலை நம்பி வாழ்ந்த பரதவ மக்களிடையே வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

அவர் வந்தபோது கரையின் நிலை விசித்திரமானது. பத்தாண்டுகளுக்கு முன்புதான் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை வேண்டித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். புதிய சமயத்தின் மந்திரங்கள் அவர்களுக்கு மனப்பாடமாயின. பொருள் விளங்கியதா என்பது வேறு கேள்வி. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கினார். அதில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்ற பொருள் தரும் சொல் புகுந்துவிட்டது. அதைத் திருத்திச் சொல்லும்படி சவேரியாரே பின்னர்த் தம் துணைவர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. நம்பிக்கைக்கும் விருப்பத்துக்கும் வேறுபாடு தெரியாமல் ஒரு கரை முழுவதும் செபித்துக்கொண்டிருந்திருக்கிறது!

அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்க விரும்பவில்லை. தாமே தமிழைக் கற்றார். தம்முடன் இருந்த பாதிரியார்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேச வேண்டும், போர்ச்சுகீசியம் வாயில் வந்தால் அதற்குத் தண்டனை உண்டு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. தமக்குப் பின் வருவோர் கற்பதற்காக ஓர் இலக்கணமும் எழுதினார். வெளிநாட்டவர் ஒருவர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் தமிழைப் பொருத்த முயன்றதால் ஆங்காங்கே இடறுகிறது. ஆனால், அவர் பிடித்துவைத்தது நன்னூலின் தமிழை அன்று. கரையில் காதால் கேட்ட தமிழை. பதினாறாம் நூற்றாண்டின் பேச்சு வழக்கை அறிய விரும்புவோருக்கு இதற்கு இணையான சான்றுகள் மிகக் குறைவு. அந்தக் கையெழுத்துப் படி லிஸ்பன் நூலகத்தில் கிடந்து, 1982-இல்தான் அச்சு வடிவம் கண்டது.

1549-இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்ட பின், கரையின் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. 1576 வரை அதைச் சுமந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றையும் ஏற்படுத்தினார்.

அச்சுக்கு வருவோம். 1554-இல் லிஸ்பனில் தமிழ்ச் சிறு நூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ் ஒலிகள் ரோமன் எழுத்தில் இருந்தன. தமிழ் எழுத்திலேயே 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம். பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுதான். அந்த ஆண்டில் ஷேக்ஸ்பியர் பதினான்கு வயதுச் சிறுவன். அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரிந்த அடியார் வரலாறு.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அச்சுப் பணிக்குப் பரதவர்கள் பொருளுதவி செய்தனர். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி அரித்து, அதிலும் வரி போக மிஞ்சியதில் கொடுத்த பணம். தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் எழுத்து வார்த்தவர்களின் பெயர்களைக் கவனமாகக் குறிக்கிறார்கள். சிப்பி அரித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான்.

அடிகளாரை மாசற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் மதம் பரப்ப வந்தவர். இந்த மண்ணின் வழிபாடுகளைப் பிழை என்றே கருதியவர். அவருடைய பணிக்குப் பின்னால் போர்ச்சுகீசியரின் பீரங்கிகளும் இருந்தன. ஆனால் இதே அளவுகோலை வைத்தால் போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் தப்பமாட்டார்கள். அம்மூவருக்கும் 1968-இல் சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தோம். அவர்களுக்கெல்லாம் மூத்தவருக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அவருடைய நூல்களும் நம்மிடம் தங்கவில்லை. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அடியார் வரலாற்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டு 1950-களில் உலகறியச் செய்தவர் தனிநாயகம் அடிகள். அவர் தொடங்கிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே 1967-இல் இராசமாணிக்கம் அடிகளைக் கொண்டு அதை மறுபதிப்பாக வெளியிட்டது. பிறந்த கரைக்கு அந்த நூல் திரும்பிவர ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

1593-இல் சேசு சபையும் யூத மரபினரைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அப்போது அடிகளாருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது; சபையில் சேர்ந்து அரை நூற்றாண்டு நெருங்கியிருந்தது. கரையை விட்டு அவர் எங்கும் போகவில்லை. 1600-இல் புன்னைக்காயலில் காலமானார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்த செய்தி கேட்டு அண்டை ஊர்களின் இஸ்லாமியர்கள் நோன்பிருந்தார்கள், இந்துக்கள் கடைகளை அடைத்தார்கள் என்று சபையார் எழுதிவைத்த குறிப்புகள் சொல்கின்றன. சபையார் தம்மவரைப் புகழ்ந்து எழுதியது என்று கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படித்தாலும், முத்துக்காகவும் துறைமுகத்துக்காகவும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த ஒரு கரையிலிருந்து வந்த செய்தி அது.