ஒத்தடத்தால் உலகப் புகழ் பெற்ற கென்னி அம்மையார்

ஒத்தடம் கொடுப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம். அதனாலேயே உலகப் புகழ் பெற்றார் ஒரு பெண்மணி!

அவர்தான் எலிசபெத் கென்னி. ஆஸ்திரேலியாவில் 1880-ம் ஆண்டு பிறந்தவர். நர்சுப் பள்ளியில் படித்துத் தேறியவர் அல்ல. ஆனாலும் முதல் உலகப்போரில் ராணுவ நர்சாகக் கப்பல்களில் பணிபுரிந்தார்.

அந்தக் காலத்தில் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளின் கைகால்களை, அசையாதபடி கட்டை வைத்துக் கட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் குழந்தைகள் அப்படியே கிடக்கும்.

கென்னி அம்மையார் கட்டுகளை அவிழ்த்தார். கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, வலிக்கும் இடத்தில் சுற்றினார். இறுக்கம் தளர்ந்தது. வலி குறைந்தது. பிறகு கைகால்களை மெல்ல அசைத்துப் பழக்கினார்.

செத்த நரம்பு ஒத்தடத்தால் பிழைக்காது. ஆனால் மிச்சமிருந்த தசைகள் வீணாகாமல் தப்பின!

டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் கமிஷனும் 1938-ல் பாதகமாகவே அறிக்கை தந்தது.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. 1940-ல் அமெரிக்கா சென்றார். மினியாபோலிஸ் நகர டாக்டர்கள் அவர் முறையைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். 1942-ல் அங்கே அவர் பெயரில் சிகிச்சை நிலையமே தோன்றியது.

1952-ல் அம்மையார் காலமானார். கட்டிப்போட்ட குழந்தைகளுக்கு விடுதலை தந்த கைகள் அவருடையவை!