முத்திரையை நம்பாத மேதை

சென்ற கோடை விடுமுறையில் காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையே எனக்கு ஆய்வுக்கூடமாயிற்று. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து, 20 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி எடுத்திருந்தேன். கிதார் வாசிக்கும் நண்பன் ஒருவனுக்கு 'ஃபஸ்' பெடல் செய்து தருவதாக வாக்களித்திருந்தேன். கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் கருவி அது. 1966-இல் லண்டனில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடலில் இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள்தாம் இருந்தன. சிலிக்கன் வந்து ஆண்டுகள் பல ஆகியும் இசைக்கலைஞர் பலர் அந்தப் பழைய ஒலியையே இன்றும் நாடுகின்றனர்.

என்னிடம் இருந்த இருபதின் மீதும் 'ஏசி 128' என்ற ஒரே முத்திரைதான். ஆயினும் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை! சோதிக்கும் முறை எளியது. எமிட்டரை 9 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலும், கலெக்டரை 2.47 கிலோ ஓம் மின்தடை வழியாக எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். பேஸை ஒன்றோடும் இணைக்காதபோதே அந்த மின்தடையில் சிறிது மின்னழுத்தம் காணப்படும். அதுவே கசிவு. பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக எதிர்முனையோடு இணைத்தால் மீட்டர் உயரும். உயர்ந்த அளவை 100-ஆல் பெருக்கினால் பெருக்கத்திறன் கிடைக்கும். கசிவு 0.25 வோல்ட், மொத்தம் 1.05 வோல்ட் என்றால் உண்மையான திறன் 80. கசிவைக் கழிக்க மறந்தால் 105 என்று ஏமாந்து போவோம்.

நண்பகலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், விரலால் பிடித்துச் சோதித்து 13 டிரான்சிஸ்டர்களைப் பழுது என்று ஒதுக்கினேன். மறுநாள் விடியற்காலையில் ஏதோ நினைவாக அவற்றை மீண்டும் சோதித்தேன். முதல் நாள் 0.8 வோல்ட் காட்டியது இப்போது 0.3 வோல்ட்தான் காட்டிற்று. ஒதுக்கிய 13-இல் 9 நல்லவை! வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி உயர்ந்தால் ஜெர்மேனியத்தின் கசிவு இரு மடங்காகும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கல்லூரி திறந்ததும் இதை எங்கள் விரிவுரையாளரிடம் கூறினேன். அவர் புன்னகைத்து, ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்று நூலகத்திற்கு அனுப்பினார். அங்கே நான் கண்ட மாமனிதரை உங்களுக்கும் அறிமுகம் செய்யவே இக்கட்டுரை.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் வங்கத்தில் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட். அத்தகைய பதவியில் இருந்தோர் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒருபுறம் தந்தையின் அலுவலக ஏவலாளின் மகன். மறுபுறம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் சொன்ன பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மீனவர் வாழும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தச் செய்தி தேனாய் இனித்தது என்றால் அது மிகையாகாது.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் பட்டம் பெற்ற போஸ், 1880-இல் மருத்துவம் பயில லண்டன் சென்றார். காய்ச்சல் அவரை விடாது வாட்டியதால் மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்குதான் சோதனை காத்திருந்தது. வெள்ளையர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. அவருடைய பணி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஒரே வகுப்பு, ஒரே பாடம், மூன்றில் ஒரு பங்கு ஊதியம்! போஸ் வேலையை விடவுமில்லை; ஊதியத்தைத் தொடவுமில்லை. குடும்பமோ தந்தையின் கடனில் தத்தளித்தது. 1887-இல் அபலா தாஸை மணந்தார். அபலா நம் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் நிறுத்தியவர். இத்தனைக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார் போஸ். இறுதியில் அரசு பணிந்தது. பணி நிரந்தரமாகி, முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. அதைக்கொண்டு தந்தையின் கடனை அடைத்தார்.

கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆய்வு இடம் குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி அறை. உதவிக்குத் தகர வேலை செய்யும் ஒரு தொழிலாளி. 1894 முதல் அங்கே 5 மில்லிமீட்டர் அளவேயான மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே ஈயத்தகடுகளைச் செருகி, அதையே அலைகளின் திசையை ஆராயும் கருவியாக்கினார்! 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களையும் துணைநிலை ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்ற கண்காணா அலைகள் 75 அடி தொலைவில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன.

அந்த அலைகளை உணர்வது எப்படி? இக்கேள்விக்காகப் போஸ் எத்தனையோ உலோகங்களையும் தாதுக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அலை பட்டால் மின்தடை குறைபவை, கூடுபவை என இரு வகையாகப் பிரித்தார். காரீயத் தாதுவாகிய கலீனாவில் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் செல்லாததைக் கண்டு வரைபடமாக்கினார். 1901-இல் அமெரிக்காவில் அதற்கு விண்ணப்பித்து, 1904 மார்ச் 29-இல் 755840 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்கான முதல் காப்புரிமை இதுவே என்பர். ஆயினும் அறிவை விற்கலாகாது என்பது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தியதாலேயே விண்ணப்பித்த அவர், அதனால் ஒரு காசும் ஈட்டவில்லை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது 1947-இல்தான்.

மற்றொன்றையும் அவர் கண்டார். தொடர்ந்து அலைகளைப் பெற்ற கருவி சோர்ந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் உணர்திறன் பெற்றது. என் டிரான்சிஸ்டரைக் கெடுத்தது வெப்பம்; அவர் கண்ட சோர்வு வேறு. ஆனால் மாறி வரும் அளவைத் தவறென்று ஒதுக்காமல், ஏன் மாறியது என்று கேட்டாரே, அங்கேதான் அவர் மேதை! அந்தக் கேள்வியே அவரைத் தாவரங்களின் உணர்வை ஆராய இட்டுச் சென்றது. உடலியலார் பலர் எதிர்த்தபோதும் அவர் தளரவில்லை. தாவர வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃபைப் படைத்தார். 1917-இல் தம் பெயரால் ஆய்வு நிலையம் கண்டார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் மறைந்தார்.

ஆள்வோர் போஸின் மீது 'இந்தியர்' என்ற முத்திரையைப் பார்த்து அவர் மதிப்பைக் குறித்தனர். அவரோ எந்தப் பொருளையும் முத்திரை பார்த்து மதிப்பிடாமல், சோதித்துப் பார்த்தே முடிவு செய்தார். நண்பனின் பெடல் இப்போது பாடுகிறது. அதிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களும் நான் அன்று நண்பகலில் பழுது என்று ஒதுக்கியவை. நம்மிடையிலும் முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் ஒதுங்கி நிற்கும் தோழர்கள் உண்டு. அவசரத்தில் எடுத்த ஓர் அளவைக் கொண்டு பொருளையும் மனிதரையும் தீர்ப்பிடாதிருப்போம். மீண்டும் ஒருமுறை, விடியற்காலையின் குளிர்ச்சியோடு, அளந்து பார்ப்போம்!