ஆப்ரகாம் லிங்கனின் சட்டசபை வாழ்வு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைவராய் விளங்கிய ஆப்ரகாம் லிங்கனை அறியாதார் இலர். எனினும், அப்பெரியார் அதற்குப் பன்னெடு நாள் முன்னரே ஒரு நாட்டுப்புற ஜில்லாவின் பிரதிநிதியாய் இல்லினாய் ராஜ்யச் சட்டசபையில் எட்டாண்டுகள் அமர்ந்திருந்ததை நம்மிற் பலர் அறியார். பொதுக் காரியங்களில் இறங்கும் நம் இளைஞர்க்கு அவ்வரலாறு பெரிதும் பயன்படுமென்று கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

லிங்கன் 1809-ம் வருஷம் கெண்டக்கியில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாய்ப் பிறந்தார். பள்ளியிற் பயின்ற நாளெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. 1831-ல் நியூ சேலம் என்னும் சிற்றூர் சேர்ந்து கடைச் சிப்பந்தியானார். மறு வருஷம் சாங்கமன் ஜில்லாவில் தேர்தலுக்கு நின்று, பதின்மூவருள் எட்டாமவராய்த் தோற்றார். ஆயினும், அவரை நேரில் அறிந்த தம்மூரில் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன.

பின்பு கூட்டாக நடத்திய கடை நொடித்தது. கூட்டாளி இறக்கவே, அவர் பங்குக் கடனும் லிங்கன் தலைமேல் விழுந்தது. ஊரைவிட்டு ஓடாமல், தபால் வேலையும் நில அளவை வேலையும் பார்த்து, பல ஆண்டுகளில் அதனைத் தீர்த்தார். 1834-ல் வெற்றி பெற்றபொழுது, சபைக்கேற்ற உடை வாங்கவும் கடனே வாங்க நேர்ந்தது. 1836, 1838, 1840 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தேர்ந்தனர்.

அவர் பிழை செய்யாதவரல்லர். கால்வாய், இருப்புப்பாதை முதலியவற்றிற்காக ஒரு கோடி டாலர் வரையிற் செலவிடும் திட்டத்தை 1837-ல் முன்னின்று ஆதரித்தார். அவ்வாண்டே பொருளாதார நெருக்கடி நேர்ந்தது. நாளடைவில் வேலைகள் பெரும்பாலும் நின்றன. கடன்மட்டும் குடிகள்மேல் நின்றது.

அவ்வருஷமே, அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானம் சபைக்கு வந்தது. ஆதரித்தோர் 77 பேர், எதிர்த்தோர் அறுவர். அவ்வறுவருள் லிங்கன் ஒருவர். தம் ஜில்லாவிலுள்ள ஸ்பிரிங்பீல்டைத் தலைநகராக்கும் முயற்சி நிறைவேறியபின், மார்ச் 3-ந் தேதி டான் ஸ்டோன் என்பாருடன் ஒரு மறுப்புரையைச் சபைக் குறிப்பில் ஏற்றினார். அடிமை முறை அநீதியிற் பிறந்ததென்று அது கூறிற்று. ஆனால், ஒழிப்புக் கிளர்ச்சி தீமையை வளர்க்கும் என்றும் அதுவே கூறிற்று. இருபத்தெட்டு வயதில் அவர் எட்டியிருந்த எல்லை அதுவே. 1863-ல் விடுதலைப் பிரகடனம் வெளியிட்ட கை, முதலில் கையொப்பமிட்டது அவ்விடத்திலேதான்.

அன்பர்களே! சபையில் ஆசனம் பெறுதல் அரிதன்று; எழுபத்தெழுவர் ஒருபுறம் நிற்க, அறுவருள் ஒருவராய் நிற்றலே அரிது. நம் பிள்ளைகட்கு அதனையே கற்பிப்போமாக.