பூச்சியைப் பிடித்தது கிரேஸ் ஹாப்பரா?

சர்வரில் ராத்திரி 2 மணிக்கு ஒரு க்ரான் ஜாப் போட்டு வைக்கிறோம். டெர்மினலில் கையால் ஓட்டினால் சமர்த்தாக ஓடுது. க்ரானில் மட்டும் ஓடலை. உடனே 'பக்'னு ஒரு பேர் வைத்துவிடுகிறோம். அந்த வார்த்தையோடு எப்போதும் சேர்ந்து வருபவர் கிரேஸ் ஹாப்பர்.

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 7 வயசில் வீட்டு அலாரம் கடிகாரத்தைக் கழற்றினாராம். திரும்ப மாட்டத் தெரியலை. சூட்சுமம் தெரிய அடுத்ததைக் கழற்ற, அம்மா பார்ப்பதற்குள் ஏழு கடிகாரம் காலி!

1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். வாசர் கல்லூரியில் நிம்மதியான வேலை. அதை விட்டுவிட்டு 1943-ல் கடற்படைக்குப் போனார். எடை போதாது என்றார்கள்; விடாமல் சிறப்பு அனுமதி வாங்கினார். 1944-ல் ஹார்வர்டின் மார்க் 1 கணினி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 51 அடி நீளம். கட்டளையெல்லாம் துளையிட்ட காகித நாடாவில். போர்க்காலம், ராத்திரி பகலாக ஓடணும். நின்றுபோனால் ஏன் என்று சொல்ல திரையும் கிடையாது, எரர் மெசேஜும் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, ஹாப்பரின் கைப்பை கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டி, தீப்பொறி எங்கே தெரியுதுன்னு தேடுவார்களாம். டீபக்கிங் டூல் அவ்வளவுதான்.

1947 செப்டம்பர் 9 மதியம் 3.45. மார்க் 2-ல் எஃப் பேனல், 70-ஆம் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. ஆபரேட்டர்கள் அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, பக் என்று கேலியாகக் குறித்தார்கள். ஹாப்பர் பிடிக்கவில்லை, ஊரெல்லாம் சுவையாகச் சொன்னவர் அவர். வார்த்தையும் எடிசன் காலத்திலேயே இருந்தது.

எனக்குப் பூச்சியை விட அந்த லாக் புத்தகம்தான் பெரிசு. எந்த நேரம், எந்த பேனல், எந்த ரிலே: எல்லாம் இருக்கு. நம்ம க்ரான் ஜாபில் அதுதான் இல்லை. க்ரான் நம் லாகின் செட்டிங்ஸைப் படிக்காது. பாத் ரொம்பச் சின்னது. அதனால் பைத்தானோ பிஹெச்பியோ முழு முகவரியோடு எழுதணும். ஹோம் ஃபோல்டரிலிருந்துதான் ஓடும் என்பதால் ஃபைல் முகவரியும் முழுசா வேணும். பேக்கப் பெயரில் தேதி சேர்க்கப் போடும் சதவீதக் குறியைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் பேக்ஸ்லாஷ் போடணும். இதில் எது தப்பு என்று சொல்வது, அவுட்புட்டையும் எரரையும் சேர்த்து எழுதிவைக்கும் ஒரு லாக் ஃபைல்தான். அதை முதல்ல போடுங்க.

1952-ல் ஏ-0 கம்பைலர், பிறகு ஃப்ளோ-மேட்டிக். அதன் சாயல் கோபோலில் நிறையவே உண்டு. நானோசெகண்ட் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, அந்த நேரத்தில் ஒளி போகும் தூரமாக 30 செ.மீ. வயரை வெட்டிக் கொடுப்பார். அலுவலகச் சுவரில் பின்னோக்கி ஓடும் கடிகாரம் வேறு!

1986-ல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1-ல் காலமானார். அந்த லாக் புத்தகம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், பூச்சி ஒட்டியபடியே இருக்கிறது.