ஜி.டி. நாயுடுவும் எங்க சித்தப்பா பைக்கும்



லீவுக்கு ரெட்டிபாளையம் போனப்போ சித்தப்பா பைக்கின் முன் ஃபோர்க் இரண்டும் ஆயில் கக்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோடு, புழுதிக்குக் கேட்கணுமா? மெக்கானிக்கல் படிக்கிற மிதப்பில், புது சீல் போட்டு சிந்தெடிக் ஃபோர்க் ஆயில் ஊற்றச் சொன்னேன். சாதா ஆயிலைவிட விலை இரண்டு மடங்குக்கு மேல். இரண்டே மாசம், மறுபடி ஒழுகல். சித்தப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைப் படித்தேன். 1893 மார்ச் 23-இல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோய், கோவை ஹோட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினார். எனக்குச் சுருக்கென்றது இங்கேதான். நான் கடையில் பாட்டிலைப் பார்த்தேனே தவிர ஃபோர்க்கைப் பார்க்கவே இல்லை!

1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து பொள்ளாச்சி–பழனி ரூட்டில் தொழில் தொடங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் வரக் காரணமானார். இத்தனை வருஷப் படிப்பு தேவையே இல்லை, பாதிக் காலம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒத்துக்கொள்ளாததால் விலகிவிட்டார். (அரியர் வைத்திருப்பவர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அவர் குறைக்கச் சொன்னது வருஷத்தை, வேலையை அல்ல.) 1974 ஜனவரி 4-இல் காலமானார்.

சரி, ஃபோர்க்குக்கு வருவோம். இந்தத் தடவை நானே கழற்றினேன். பைப்பின் குரோம் மேல் நகம் வைத்து இழுத்தால் துருக்குழி தட்டுகிறது. டஸ்ட் சீல் கிழிந்து உள்ளே மண். அந்தக் குழி மேலும் கீழும் போய்ப் புது சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. இதற்கு எந்த ஆயில் என்ன செய்யும்?

சிந்தெடிக் வீண் என்று சொல்ல வரவில்லை. ஷாக் வேலை செய்யும்போது ஆயில் சின்ன ஓட்டை வழியாகப் போய்ச் சூடாகும்; சூடானால் இளகும்; இளகினால் வண்டி துள்ளும். நல்ல சிந்தெடிக் அவ்வளவாக இளகாது. மணிக்கணக்கில் கரடுமுரடில் விரட்டுகிறவனுக்கு, ரேஸ்காரனுக்கு, கொடுத்த காசு தகும். சந்தைக்குப் போய் வரும் சித்தப்பாவுக்கு அந்தச் சூடே வராது. இன்னொன்று: பாட்டிலில் 10 என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கெட்டித்தன்மை மாறும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று பார்த்து வாங்க வேண்டும்.

பைப், சீல், டஸ்ட் சீல் எல்லாம் மாற்றி, மேனுவலில் சொன்ன கிரேடில் சாதா ஆயிலை இரண்டு பக்கமும் அளந்து ஊற்றினோம். ஆறு மாசமாகப் பைப் காய்ந்தே இருக்கிறது. மிச்சமிருந்த சிந்தெடிக் அரை பாட்டிலைச் சித்தப்பா சாமி அலமாரிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.