லிவர்பூலை உருவாக்கிய பில் ஷாங்க்லி... சொந்த கிளப்பிலேயே அந்நியர் ஆனது எப்படி?

கால்பந்து கிளப்களில் மேனேஜர் மாறுவது அடிக்கடி வரும் செய்திதான். ஒருத்தர் போவார், இன்னொருத்தர் வருவார். ஆனா, போனவர் என்ன ஆனார்னு யாராவது கேட்கிறோமா? பில் ஷாங்க்லியின் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா அது புரியும்.

யார் இந்த ஷாங்க்லி?

1913இல் ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் 10 பிள்ளைகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சுரங்க வேலை. அங்கிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது கால்பந்து. பிரெஸ்டன் அணி வீரராக 1938இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றார்.

லிவர்பூலில் என்ன செய்தார்?

1959 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1962இல் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். 1964, 1966, 1973இல் லீக் பட்டம், 1965, 1974இல் எஃப்.ஏ. கோப்பை. இன்று நாம் பார்க்கும் முழுச் சிவப்பு உடையும் அவர் காலத்தில் வந்ததுதான்.

திடீர் விலகல்

1974 ஜூலை 12. கோப்பை வென்று இரண்டே மாதத்தில், 60 வயதில் பதவி விலகினார். களைப்புதான் காரணம் என்றார். நிர்வாகம் எவ்வளவோ பேசிப் பார்த்தும் கேட்கவில்லை. உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி, தயக்கத்தோடு பொறுப்பேற்றார்.

சிக்கல் எங்கே?

ஷாங்க்லிக்கு கால்பந்தைத் தவிர வேறு உலகமே கிடையாது. பதவியை விட்ட பிறகும் மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். வீரர்களும் பழக்கத்தில் அவரையே பாஸ் என்று அழைத்தார்கள். அப்போ, புது மேனேஜர் பேச்சை யார் கேட்பது? இனி வர வேண்டாம் என்பது அவருக்கு உணர்த்தப்பட்டது. மனசு உடைந்துபோனார். பிறகு பரம எதிரியான எவர்டனின் பயிற்சி மைதானத்துக்குப் போய் வந்தார். அது அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே அவரை வரவேற்றார்கள்.

கிளப் செய்தது தப்பா?

பெய்ஸ்லி 9 ஆண்டுகளில் 6 லீக் பட்டங்களும் 3 ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். கணக்குப்படி கிளப்பின் முடிவு சரிதான். ஆனா, அந்த வெற்றிகளுக்கு அடித்தளம் போட்டவர் வெளியே நின்றுதான் அவற்றைப் பார்த்தார்.

1981 செப்டம்பர் 29இல், மாரடைப்பால் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில் ஷாங்க்லி இறந்தார். வயது 68. அடுத்த ஆண்டே ஆன்ஃபீல்டு மைதானத்தில் அவர் பெயரில் நுழைவாயில் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.