சாக்லேட்டை உருகவைத்த லிண்ட்

தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் வரலாறு எழுதுகிறோம். ஒரு தின்பண்டத்தின் இயல்பையே மாற்றிய தொழிலாளருக்கும் வரலாறு உண்டன்றோ? அவர்தாம் ஸ்விட்சர்லாந்து நாட்டு ரொடால்ஃப் லிண்ட்.

1855ஆம் ஆண்டு பெர்ன் நகரில், மருந்துக்கடை நடத்திய ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். லோசான் நகரில் கோலர் குடும்பத்தாரின் ஆலையில் சாக்லேட் தொழில் பயின்றார். 1879இல், தீயில் சேதமுற்ற இரண்டு ஆலைகளையும் பழைய எந்திரங்களையும் வாங்கி, பெர்னில் ஆரே ஆற்றங்கரையில் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்!

அக்காலச் சாக்லேட் நாவில் உருகாது, மணல்போல் கரகரக்கும். கொக்கோக் கொட்டையை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் காடியின் புளிப்பும் அதில் தங்கியிருக்கும். லிண்ட் கருங்கல் தொட்டி ஒன்றில் கல்லுருளையை முன்னும் பின்னும் ஓடவிட்டு, அந்தக் குழம்பை நாட்கணக்கில் தேய்த்தார். வார இறுதியில் எந்திரத்தை நிறுத்தாமல் விட்டதால்தான் இது விளைந்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியாயினும் அறிவியல் தெளிவானது. சூட்டிலும் காற்றிலும் காடி ஆவியாகிறது. ஒவ்வொரு துகளையும் கொக்கோ வெண்ணெய் போர்த்துகிறது. அந்த வெண்ணெய் நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 34 பாகையில் உருகும். ஆகவேதான் வாயிலிட்டதும் கரைகிறது. தொட்டி சிப்பி வடிவாக இருந்ததால் அவ்வெந்திரத்துக்குக் காஞ்ச் என்று பெயர் வந்தது.

இந்த முறையை லிண்ட் இருபது ஆண்டு மறைத்து வைத்தார். 1899இல் ஸூரிச் நகரத்து ஸ்ப்ருங்லிக்குப் பதினைந்து லட்சம் பொன் ஃபிராங்குக்கு ஆலையையும் இரகசியத்தையும் சேர்த்தே விற்றார். சில ஆண்டுகளில் உறவு முறிந்தது, வழக்கு மூண்டது. 1909இல் அவர் கண்மூடிய பின்னும் வழக்கு ஓயவில்லை. இரகசியமோ உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று.

லிண்ட் அரைக்கத் தொடங்கிய மறு ஆண்டு, 1880இல், ஜான் டெய்லர் கம்பெனி எங்கள் கோலார் தங்கவயலில் கால்வைத்தது. வட ஆர்க்காட்டிலிருந்து என் முன்னோர் அங்கே பிழைக்கப் போனார்கள். அங்கும் அரைப்பதுதான் வேலை. பாறையை மாவாக்கிப் பொன்னைப் பிரித்தார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் எங்கோ போய்விட்டது. அரைபட்ட பாறை மட்டும் சயனைடு மேடுகளாய் நிற்கிறது. பொன்னைப் பார்த்து இது எவ்வூர்ப் பாறை என்று யார் சொல்ல முடியும்?

சாக்லேட் அப்படியன்று. அண்மையில் விடுதி அறையில் நண்பர்களோடு மூன்று வகையைச் சுவைத்தேன். மூன்றும் வெவ்வேறு சிறு உற்பத்தியாளர்கள் செய்தவை. மடகாஸ்கர்க் கொட்டையில் செம்பழப் புளிப்பு. இடுக்கிக் கொட்டையில் வேறொரு மணம். ஆனைமலைக் கொட்டையில் மற்றொன்று. அட்டையில் விளைந்த ஊரின் பெயரையே அச்சிட்டிருந்தார்கள். லிண்ட் காட்டிய வழியில் மிகையாகத் தேய்த்தால் புளிப்போடு ஊர் மணமும் பறந்துவிடும். குறைவாகத் தேய்த்தால் நா கூசும். எங்கே நிறுத்துவது என்பதை நாக்கால் அறிவதே இவர்கள் கலை. இன்னொரு செய்தி கேளுங்கள்: உலகெங்கும் இத்தகையோர் பலர் வைத்திருக்கும் எந்திரம், கோயம்புத்தூரில் இட்லி மாவுக்கென்று பிறந்த கல் கிரைண்டரின் வழிவந்ததே!

லிண்ட் தந்தது மென்மை. அதன் அளவை அறிவது நம் பொறுப்பு. கர்நாடகத்தில் எங்களைத் தமிழர் என்பார்கள். தமிழகம் போனால் கோலார்க்காரன் என்பார்கள். இரண்டையும் தேய்த்து மழுக்கிவிடுவது எளிது. ஆயினும், பிறரை உறுத்தும் கரகரப்பைக் களைவோம். ஊர் மணத்தைக் காப்போம். நாம் எந்த ஊர் என்று கேட்போர்க்கு நாணாமல் விடை சொல்வோம்!